நான்கு கருவி, ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர்

அப்பா வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இன்னும் நன்றாகப் பாடுகிறது. அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அதன் பின்பக்கத்தில் இருப்பதெல்லாம் சிவப்பும் வெள்ளையுமான ஆர்சிஏ துளைகள்தான்: டேப், டியூனர், ஆக்ஸ், ஃபோனோ. என்னிடம் சேர்ந்துவிட்ட கருவிகளோ டிஜிட்டல் காலத்தவை. டிவியில் ஒலியை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிகல் அவுட், சிடி பிளேயரில் அதையே செம்பு ஒயரில் மின்சாரமாக அனுப்பும் கோஆக்சியல் அவுட், கம்ப்யூட்டரில் யூஎஸ்பி, பாட்டு கேட்கும் சின்ன ஸ்ட்ரீமிங் பெட்டியில் இன்னொரு ஆப்டிகல்.

ஆரம்பத்தில் ஒவ்வொன்றின் ஹெட்போன் துளையிலிருந்தும் ஒரு ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். பாட்டு வந்தது. ஆனால் ஒன்று மெதுவாக, ஒன்று காது கிழிய. டிவியிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும்போதெல்லாம் வால்யூம் குமிழில் கை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபோனோ துளை காலியாக இருக்கிறதே என்று ஒருமுறை அதிலும் செருகிப் பார்த்தேன். பேஸ் மட்டும் பொங்கி, மற்றதெல்லாம் கரகரத்தது. அந்தத் துளை இசைத்தட்டு ஊசியின் மிகச் சன்னமான சிக்னலுக்கானது. உள்ளே பல மடங்கு பெருக்கி, தாழ்ந்த ஸ்வரங்களைக் கூடுதலாகத் தூக்கிவிடும். வேறு எதையும் அதில் செருகாதீர்கள்.

அப்போதுதான் ஒன்றை முடிவு செய்தேன். எல்லாக் கருவியிலிருந்தும் சிக்னல் டிஜிட்டலாகவே வரட்டும். அதை அனலாகாக, அதாவது பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் மின் அலையாக, மாற்றும் வேலை ஒரே இடத்தில் நடக்கட்டும். அதற்கான பெட்டிதான் டிஏசி. ஆப்டிகல் ஒன்று, கோஆக்சியல் ஒன்று, யூஎஸ்பி ஒன்று என்று மூன்று இன்புட்டும் ரிமோட்டும் உள்ள ஒன்றை வாங்கினேன். அதிலிருந்து ஒரு ஜோடி ஆர்சிஏ ஒயர் ஆக்ஸ் துளைக்குப் போகும், அவ்வளவுதான்.

சிடி பிளேயர் முதல் முயற்சியிலேயே பாடியது. கோஆக்சியலுக்கு 75 ஓம் ஒயர் வேண்டும். பழைய வீடியோ ஒயர், அந்த மஞ்சள் முனை உள்ளது, அதே 75 ஓம்தான். அதையே போட்டேன், இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

டிவிதான் பாடாய்ப் படுத்தியது. ஆப்டிகல் ஒயரைச் செருகினேன், சத்தமே இல்லை. ஒயரின் மறுமுனையைக் கழற்றி உள்ளங்கைக்கு அருகே பிடித்துப் பார்த்தேன். தோலில் மிளகு அளவுக்குச் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. வெளிச்சம் வருகிறது, அப்படியென்றால் டிவி ஏதோ அனுப்புகிறது. டிஏசியும் சிக்னல் கிடைத்ததாக விளக்கு காட்டுகிறது. பின்னே ஏன் ஊமையாக இருக்கிறது? இரண்டு மாலை இதிலேயே போனது. கடைசியில் டிவியின் சவுண்ட் செட்டிங்கில் விடை இருந்தது. டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் 'ஆட்டோ' என்றிருந்தது. டிவி, சுருக்கிக் கட்டிய டால்பி டிஜிட்டல் ஒலியைப் பிரிக்காமல் பொட்டலமாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. சாதாரண ஸ்டீரியோ டிஏசிக்கு அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாது, அதற்குத் தெரிந்தது பிசிஎம் என்ற, சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி மட்டும்தான். 'பிசிஎம்' என்று மாற்றியதுமே செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாக ஸ்பீக்கரில் வந்தது. உங்கள் டிவியும் இப்படி ஊமையானால், ஒயரைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஒரு இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த நாளே அம்மா கூப்பிட்டார்: "ஏம்ப்பா, ரிமோட்டை எவ்வளவு அமுக்கினாலும் சத்தம் குறையவே மாட்டேங்குதே?" பல டிவிகளில் ஆப்டிகல் அவுட்டின் அளவு மாறாது, டிவி ரிமோட்டின் வால்யூம் அதைத் தொடாது. எச்டிஎம்ஐ ஏஆர்சி, அதாவது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ ஒயரிலேயே ஆம்ப்ளிஃபயருக்குத் திருப்பி அனுப்பும் வசதி, உள்ள ஆம்ப்ளிஃபயராக இருந்தால் டிவி ரிமோட்டாலேயே வேலை முடிந்திருக்கும். அந்த வசதி 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது, அப்பாவின் பெட்டி அதற்கெல்லாம் மூத்தது. அதனால் டிஏசியின் ரிமோட்டை அம்மா கையில் கொடுத்தேன். ஆம்ப்ளிஃபயர் குமிழை நடுவுக்குக் கீழே ஒரு இடத்தில் நிறுத்திவிட்டேன். டிஏசியில் தவறிப்போய் முழுச் சத்தம் வைத்தாலும் ஸ்பீக்கர் தாங்கும்.

ஸ்ட்ரீமிங் பெட்டிக்கு ஆப்டிகல் துளை மீதமில்லை. ஒய் வடிவப் பிரிப்பானைத் திருப்பிப் போட்டு இரண்டு ஒயரை ஒன்றாக்கலாமே என்று உங்களுக்கும் தோன்றும். வேண்டாம். பல கருவிகள் பாட்டை நிறுத்தினாலும் வெறுமையையே டிஜிட்டலாக அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே துளையில் மோதினால் டிஏசிக்கு எதுவுமே விளங்காது. தேவை, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விடும் ஸ்விட்ச். மூன்று இன், ஒரு அவுட் உள்ள ஆப்டிகல் ஸ்விட்ச் வாங்கினேன். இரண்டாவது நாள் பாட்டு விட்டுவிட்டு வந்தது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒயர் மடங்கி நசுங்கியிருந்தது. உள்ளே ஓடுவது வெளிச்சம், கூர்மையாக மடித்தால் வழியிலேயே கசிந்துவிடும். அலமாரியை நான்கு விரல் முன்னால் நகர்த்தினேன், சரியானது.

கடைசியாகக் கம்ப்யூட்டர். யூஎஸ்பியைச் செருகிய கணமே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். மௌஸை நகர்த்தினால் அதற்கு மேல் மெல்லிய கீச்சொலி. ஒவ்வொரு ஒயராகக் கழற்றினேன். யூஎஸ்பியை எடுத்ததும் அறை அமைதியானது. பேட்டரியில் ஓடும் லேப்டாப்பை அதே யூஎஸ்பியில் செருகினேன், அப்போதும் அமைதி. அதோடு குற்றவாளி பிடிபட்டது: கிரவுண்ட் லூப். கம்ப்யூட்டர் பிளக்கிலும் எர்த், ஆம்ப்ளிஃபயர் பிளக்கிலும் எர்த், நடுவே யூஎஸ்பியின் செம்புக் கம்பி இரண்டையும் இணைக்கிறது. அந்த வளையத்தில் ஓடும் மின்சாரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமலாகவும் அதன் மடங்குகளாகவும் காதில் விழும்.

பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கருவிக்குள் ஒரு கம்பி கழன்று உலோக உடலில் பட்டால் உயிரைக் காப்பது அந்தப் பின்தான். நான் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத் துழாவினேன். மதர்போர்டிலேயே ஓர் ஆப்டிகல் அவுட் இருந்தது, இத்தனை நாள் கண்ணில் படவில்லை. அதிலிருந்து ஸ்விட்சின் மூன்றாவது துளைக்கு ஒயர் போட்டேன். பிளாஸ்டிக் இழையில் மின்சாரம் பாயாது, வளையம் அறுந்தது. குமிழை முழுக்கத் திருப்பி, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும்தான் இருந்தது. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து அனுப்புகிறது என்ற வேகம் யூஎஸ்பியில் 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகலாம், ஆப்டிகலில் 96-க்கு மேல் நிச்சயமில்லை என்பது உண்மைதான். ஆனால் என்னிடம் உள்ள பாட்டில் பெரும்பகுதி சிடியிலிருந்து எடுத்த 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். எனக்கு அந்த அமைதிதான் பெரிது.

இன்னும் ஒரு சின்னக் குறை இருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் டிவியிலிருந்து 44.1-இல் ஓடும் பாட்டுக்கு மாற்றினால் டிஏசி புதிய வேகத்தைப் பிடிக்க ஒரு நொடி எடுக்கிறது, பல்லவியின் முதல் எழுத்து போய்விடுகிறது. முதலில் ஸ்விட்சை மாற்றி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பாட்டைப் போடுகிறேன். ஒயர் முனைகளில் ஆளுக்கொரு காகிதத் துண்டு ஒட்டி, டிவி 1, பெட்டி 2, கம்ப்யூட்டர் 3 என்று எழுதியிருக்கிறேன். அம்மா இப்போது தானே ஸ்விட்சை இரண்டில் வைத்து, காலைப் பாட்டைப் போட்டுக்கொள்கிறார்.