இரண்டாங்கட்டு அறையும் முகப்பும்

அக்டோபர் 11
அப்பத்தா இரவில் எழுந்து மிதியடியில் கால் வைத்தால் முகப்பில் மணி அடிக்க வேண்டும். அதற்காக அவர்களின் இரண்டாங்கட்டு அறைக்கு ஒன்றும் முகப்புக்கு ஒன்றுமாக இரண்டு ரேடியோப் பெட்டிகள் செய்கிறேன். இரண்டாங்கட்டுப் பெட்டியிலிருந்து இன்றும் பதில் வரவில்லை.

அக்டோபர் 12
முகப்பிலிருந்து அனுப்புவது இரண்டாங்கட்டில் கேட்கிறது. அங்கிருந்துதான் ஒன்றும் வருவதில்லை. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் அப்படியேதான், ஆகையால் சுவரைக் குறை சொல்வதற்கில்லை. சானலும் முகவரியும் எழுதியபடியே திரும்பப் படிக்கக் கிடைப்பதால் பெட்டிக்குள் ரேடியோவைச் சிறு கணினிப் போர்டோடு இணைக்கும் எஸ்பிஐ கம்பிகளும் சரியாகவே இருக்கின்றன.

அக்டோபர் 13
ஆத்தா மருத்துவமனையிலிருந்து பேசினார்கள். அப்பத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்தார்களாம். வார இறுதியில் அனுப்பிவிடுவார்கள்.

அக்டோபர் 14
பிடிபட்டது. நீள ஆண்டெனா வைத்த இந்த என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோ மாட்யூல் கேட்கும்போது 45 மில்லிஆம்பியர் அளவில் அடங்கிவிடுகிறது, ஆனால் அனுப்பும் கணத்தில் 115 வரை இழுக்கிறது. இரண்டாங்கட்டு நானோ போர்டின் 3.3 வோல்ட் முனையோ 50 தந்தாலே பெரிது. அதனால்தான் கேட்கும் வேலை நடந்தது, பேசும் வேலை நின்றது. 5 வோல்ட்டிலிருந்து, அதை 3.3 ஆக இறக்கித் தரும் ஏஎம்எஸ்1117 வழியாகத் தனி மின்சாரம் கொடுத்தேன். 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கால்களை ஒட்ட நறுக்கி, வெள்ளைக் கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்கு வருமாறு மாட்யூலின் முனைகளிலேயே சால்டர் செய்தேன். ஈயம் ஆறுவதற்குள் முகப்பில் மணி அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்டோபர் 15
மழை. சுண்ணாம்புச் சுவர் நனைந்திருக்கிறது, பாதிச் செய்திகள் வந்து சேரவில்லை. வேகத்தை நொடிக்கு 250 கிலோபிட்டாகக் குறைத்தேன். தகவல் மெதுவாகப் போனாலும் எட்டும் தூரம் கூடுகிறது. வீட்டு வைஃபையின் 11ஆம் சானல் 2473 மெகாஹெர்ட்ஸ் அளவில் முடிவதால் 2480க்கு, அதாவது 80ஆம் சானலுக்கு, மாறிக்கொண்டேன். எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது இந்த வீட்டின் அமைப்புதான்: வாசலிலிருந்து கொல்லைவரை கதவு நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், பெட்டியை அந்தக் கோட்டுக்கு நகர்த்தியதும் செய்திகள் தவறாமல் வந்தன. ஆனால் இரவில் நடுக்கதவைச் சாத்துவோமே.

அக்டோபர் 16
மணி அடிக்காத இரவுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, அப்பத்தா நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மற்றொன்று, அவர்கள் எழுந்து கால் மிதியடியில் பட்டும் செய்தி இங்கே வந்து சேரவில்லை. பதில் கிடைக்காவிட்டால் சிப் தானாக 15 முறை வரை திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடும், எனக்கோ அது தெரியவே தெரியாது. ஆகவே ஒன்றும் நடக்காவிட்டாலும் நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று இரண்டாங்கட்டுப் பெட்டி சொல்ல வேண்டும், மூன்று நிமிடம் சொல்லாவிட்டால் முகப்பில் வேறு ஒலியில் மணி அடிக்க வேண்டும் என்று நிரலை மாற்றி எழுதினேன். இதை முதலிலேயே யாரும் சொல்லித்தராதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 17
நடுக்கதவைச் சாத்தி வைத்திருந்தபோது, விடியற்காலையில் அந்த வேறு ஒலி மணி அடித்தது. அப்பத்தாவைக் கூட்டிவரும் கார் வருவதற்குள் ஆண்டெனாவை நிலைக்கு மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.