பாஞ்சோ யார் கையில இருக்குங்குறதுதான் மேட்டர்

பெயிண்டிங்ல சத்தம் வராது, ஆனாலும் ஓவியருங்க காலங்காலமா தந்தி வாத்தியத்த வரைஞ்சு தள்ளியிருக்காங்க, ஏன்னா அது யார் கையில எப்படி இருக்குங்குறத வெச்சே அந்த ஆள ஊரு எப்படி பாத்துச்சுன்னு சொல்லிடலாம். அதனால நான் மொகத்த விட்டுட்டு மொதல்ல கையத்தான் பாப்பேன்.

பாஞ்சோவ எடுத்துக்கோங்க. அமெரிக்காவுக்கு அடிமையா இழுத்துட்டு வரப்பட்ட ஆப்பிரிக்க ஜனங்க சொரக்குடுக்கைல தோலப் போத்தி செஞ்ச வாத்தியத்துலேர்ந்து வந்தது அது. 19ம் நூற்றாண்டுல வெள்ளக்காரங்க மூஞ்சில கரியப் பூசிக்கிட்டு மேடையேறி அந்த ஜனங்களயே நக்கலடிச்சாங்க, மின்ஸ்ட்ரல் ஷோன்னு பேரு, அதுலயும் இதே பாஞ்சோதான். போஸ்டர்லயும் கார்ட்டூன்லயும் பாஞ்சோ வெச்சிருந்தா பல்லிளிக்கிற கோமாளின்னே ஆக்கிட்டாங்க. 1893ல ஹென்றி ஒசாவா டேனர்னு ஒரு கறுப்பின ஓவியர் அதே வாத்தியத்த எடுத்து 'தி பாஞ்சோ லெசன்' வரைஞ்சாரு. பெரியவர் ஒருத்தர் உக்காந்திருக்காரு, அவரு முட்டிக்கு நடுவுல ஒரு பொடியன், வாத்தியம் அவனுக்கு ரொம்பப் பெருசு, அதனால அதோட கழுத்த அவரு கையால தாங்கிக்கிறாரு. யாரும் நம்மளப் பாத்து இளிக்கல, ரெண்டு பேர் கவனமும் பாஞ்சோ மேலதான். கோமாளிச் சாமான்னு சொன்னது இங்க குடும்பச் சொத்தாயிடுச்சு, அதுக்கு ஒரு வரி வசனம்கூட தேவைப்படல பாருங்க.

பிகாசோவோட கிழட்டு கிடார்காரர் எல்லாருக்கும் தெரியும், 1903-04ல வரைஞ்சது, படமே நீலம், கிடார் மட்டும் பழுப்பு. நல்ல படம்தான், ஆனா சோகத்த கொஞ்சம் ஓவராவே பிழியுதுன்னு எனக்குத் தோணும். ஆர்னால்ட் பாக்லின் 1872ல தன்னையே வரைஞ்சுக்கிட்டு முதுகுக்குப் பின்னாடி சாவ எலும்புக்கூடா நிக்க வெச்சு ஃபிடில் வாசிக்க விட்டாரு, அந்த ஃபிடில்ல ஒரே ஒரு தந்திதான்!

உக்ரைன்ல 'கொசாக் மமாய்'னு ஒரு நாட்டுப்புறப் படம், ஒரே ஆள பல பேர் திரும்பத் திரும்ப வரைஞ்சிருக்காங்க, கதவுலயும் பெட்டியிலயும்கூட. அவன் கொசாக், அதாவது போர்வீரன், ஆனா குதிரை கட்டிப் போட்டிருக்கும், ஆயுதமெல்லாம் ஓரமா இருக்கும், இவன் பாட்டுக்கு சம்மணம் போட்டு கோப்ஸான்னு ஒரு தந்தி வாத்தியம் வாசிப்பான். அந்த ஜனங்களுக்கு சுதந்திரம்னா இவன்தான். வரைஞ்சவங்க பேரு முக்காவாசி யாருக்குமே தெரியாது, மியூசியம் சுவத்துல ஓவியர் பேர் போடுற எடத்துல 'தெரியவில்லை'தான்.