அட்டைக்கடி என்று விட்டுவிடும் அரிப்பு

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் மழை பிடித்ததும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களின் கால்களில் அரிப்பு தொடங்கிவிடும். அட்டை கடித்தது என்பார்கள். இல்லையென்றால் சேற்றுப்புண் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசுவார்கள். இரண்டும் இருக்கக்கூடியதுதான். ஆனாலும் கால் விரலிடுக்கைப் பிரித்துப் பார்க்காமல் அதை நம்பக் கூடாது. குடலில் தங்கி ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு நுழைந்த இடமாகவும் இருக்கலாம்.

அட்டை கடித்த இடத்தில் ஒற்றைக் காயம்தான் இருக்கும். மூன்று கீறல் கூடினாற்போல் தெரியும், ரத்தம் நெடுநேரம் கசியும். சேற்றுப்புண்ணில் தோல் வெளுத்து ஊறி உரியும். கொக்கிப்புழுவின் இளம்புழு துளைத்து நுழைந்த இடம் வேறு மாதிரி: கடுகளவு சிவப்புப் பொரிகள், சிலவற்றில் நீர் கோத்திருக்கும், நமைச்சல் தாங்க முடியாது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். அதனால்தான் யாருக்கும் அது நினைவில் நிற்பதில்லை.

அடுத்து, சிலருக்கு வறட்டு இருமல் வரும். ரத்தத்தில் ஏறிய இளம்புழு நுரையீரலைத் தாண்டித்தான் குடலுக்குப் போகிறது. இந்தக் கட்டத்தில் மலம் சோதித்தால் ஒன்றும் தெரியாது. முட்டை வெளிப்பட ஆறு முதல் எட்டு வாரம் வரை ஆகலாம். இருமல் நாளில் எடுத்த 'நார்மல்' ரிப்போர்ட்டை வைத்துப் பூச்சி இல்லை என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அரித்த கால் மறந்துபோன பிறகுதான் ஆள் வந்து உட்காருவார். வயிற்றுவலி என்று வருவது குறைவு. "மேடு ஏறினா மூச்சு வாங்குது, படபடன்னு வருது" என்பார். மேல்வயிறு எரிந்தால் கேஸ் என்று மாத்திரை போட்டிருப்பார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ரத்தசோகையில் வெளுத்திருக்கும். உள்ளங்கை ரேகையிலும் சிவப்பு இருக்காது. பச்சரிசி, மண், சாம்பல் தின்னும் ஆசை உண்டா என்று தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, சும்மா சொல்லுங்க" என்று கேட்டால்தான் பதில் வரும். மாமியார் பக்கத்தில் இருந்தால் வராது.

கணக்கு எளிது. நெகேட்டர் இனக் கொக்கிப்புழு ஒன்றால் நாளுக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தம் போகிறது. நூறு புழு இருந்தால் மாதம் 90 மில்லி. மாதவிடாயும் பிரசவமும் சேரும் உடம்பு இதை எங்கிருந்து ஈடுகட்டும்?

சோதனைக்கு மலம் கோலிக்குண்டு அளவு போதும். உலர்ந்த டப்பாவில், சிறுநீர் கலக்காமல் வேண்டும். கண்ணாடி ஸ்லைடில் சலைன் (உப்புநீர்) விட்டுக் கலக்கும்போது பூச்சு தடித்துவிடக் கூடாது. அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். மெல்லிய ஓடு, உள்ளே நாலு முதல் எட்டுச் செல், சுற்றிலும் வெற்றிடம், இதுதான் முட்டை. காலையில் எடுத்த டப்பாவை மறுநாள் பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் முட்டை பொரிந்து புழு நெளியும். பார்ப்பவர் வேறு புழுவென்று எழுதிவிடுவார். ஒருமுறை இல்லையென்றால் வேறு இரண்டு நாளும் பார்க்க வேண்டும். மலம் கறுப்பாக இருந்தால் அயர்ன் மாத்திரையாலா என்றும் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தில் மறக்கக் கூடாதது ஒன்று. பணியர், காட்டுநாயக்கர், இருளர், முள்ளுக்குறும்பர் குடும்பங்களில் பரம்பரையாக வரும் அரிவாள் செல் சோகை உண்டு. வெளுத்தவர்களுக்கெல்லாம் பூச்சி மாத்திரையும் அயர்னும் கொடுத்து அனுப்பினால் அது தப்பிவிடும். ரத்தத்தை அதற்கும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

முகத்தில் வெள்ளைத் தேமலும் தூக்கத்தில் பல் கடிப்பதும் பூச்சிக்கு அடையாளம் ஆகாது.

பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் 400 மி.கி. ஒன்று, மென்று விழுங்க வேண்டும். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு அதில் பாதி. கருவுற்ற முதல் மூன்று மாதம் கூடாது. பூச்சி போனதும் ரத்தம் ஊறிவிடாது. ஹீமோகுளோபின் தேறிய பிறகும் மூன்று மாதம் அயர்ன் தொடர வேண்டும்.

மாத்திரை மண்ணுக்குள் இருப்பதைத் தொடாது. மலத்தோடு விழுந்த முட்டை மண்ணில் பொரியும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இளம்புழு சில வாரம் உயிரோடு இருக்கும். கொழுந்துக் காட்டில் வேலை நேரத்தில் மலம் கழிக்க எங்கே ஒதுங்குகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே புதரைத்தான் காட்டுவார்கள். அந்தப் பாதையில்தான் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். கழிப்பறை அங்கே, கொழுந்துக் காட்டிலேயே வேண்டும்.