தாய் சி: ஆசிரியரைத் தேடிய அனுபவம்

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் விடியற்காலையில் மெல்ல அசைந்து பயிலும் சீனத் தற்காப்புக் கலையான தாய் சியில் நான் முதலில் பயின்றது, 1956-இல் சீன விளையாட்டுத் துறை அதன் யாங் என்னும் பாணியிலிருந்து சுருக்கி வகுத்த 24 அசைவுகள். காணொளியைப் பார்த்தே கற்றதால், இடுப்பைத் திருப்பும்போது முழங்காலும் உள்நோக்கிச் சாய்வதை உணரவில்லை. ஆறே மாதத்தில் மாடிப்படி ஏறவே வலித்தது. பிறகு சேர்ந்த வகுப்பிலும் என் காலை ஒருவரும் கவனிக்கவில்லை.

இப்போதைய ஆசிரியரோ முதல் நாளே என் பாதத்தருகே குத்துக்காலிட்டு அமர்ந்து, கால்விரல்கள் நோக்கும் திசையிலேயே முழங்கால் மடங்குமாறு கையால் பிடித்துத் திருத்தினார். சீனாவின் ஹெனான் மாநிலத்துக் கிராமமொன்றில் தோன்றிய சென் என்னும் மற்றொரு பாணியில், மெதுவான சுழற்சிக்கு நடுவே திடீரென விசை வெடிக்கும் என்பதால், யாங் பாணியில் நிலையாக நிற்கப் பழகிய பின்னரே அதைத் தொடவேண்டும் என்கிறார். மூன்று மாதங்களாக எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்ற மட்டுமே பயில்கிறேன். படியேறும்போது வலி பெரிதும் குறைந்திருக்கிறது.