265 கிலோமீட்டர் பறக்க ஏன் ஒரு மணி நேரம்?

இரண்டு சிறு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், நேர்கோட்டுத் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ‘20 நிமிடப் பயணம்’ என்று சொல்லிவிடுவார்கள். தூரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த நேரத்தை நம்பி அடுத்த வண்டிக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

தூரத்தைக் கையாலேயே கணக்குப் போடலாம். அட்சரேகையில் 1 டிகிரி என்பது 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், தீர்க்கரேகையில் 1 டிகிரிக்கு 60-ஐ அந்த இடத்து அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். இரண்டு நிலையங்களும் 30 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கின்றன, வடக்கு தெற்காக 2 டிகிரியும் கிழக்கு மேற்காக 1.5 டிகிரியும் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 120, இன்னொரு பக்கம் 90 × 0.866 = 78. பிதாகரஸ் தேற்றப்படி 143 கடல் மைல், அதாவது 265 கி.மீ. இவ்வளவு குறைந்த தூரத்துக்குப் பூமியின் வளைவு பொருட்டே இல்லை.

பலரும் சறுக்குவது வேறொரு இடத்தில். அதிகாரபூர்வ ஆவணங்களில் நிலையத்தின் இருப்பிடம் டிகிரி, நிமிடம், விநாடியில் இருக்கும். 10°45′ என்பதை 10.45 என்று தட்டச்சு செய்தால் போச்சு, அது 10.75. இந்த ஒரு பிழையே 18 கடல் மைல், 33 கி.மீ.

நேரத்துக்கு வருவோம். விமானம் நேர்கோட்டில் பறப்பதில்லை. காற்றை எதிர்கொண்டுதான் கிளம்பும், இறங்கும். ஓடுபாதை எதிர்த்திசையில் அமைந்துவிட்டால் சுற்றித்தான் திரும்ப வேண்டும். நம் 143 கடல் மைலை 155 என்று கொள்ளலாம். ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் (விசிறி சுழற்றிப் பறக்கும் சிறு விமானம்) சுமார் 270 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 270 கடல் மைல் வேகத்தில் போனால் 34 நிமிடம். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் இன்னும் ஏழெட்டு நிமிடம். ஓடுபாதைக்கு உருண்டு போகவும், இறங்கிய பின் நிறுத்துமிடம் வரவும் பத்துப் பதினைந்து. ஆக, 50 முதல் 60 நிமிடம். அட்டவணையில் போடுவது இந்த மொத்த நேரத்தைத்தான்: நிற்கும் விமானம் நகராமலிருக்க வைக்கும் சக்கரத்தடையை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும் வரை.

ஜெட் விமானமானால் பாதியாகக் குறையுமே என்று தோன்றும். குறையாது. இறங்குவதற்கு 1,000 அடிக்கு 3 கடல் மைல் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 30,000 அடியிலிருந்து இறங்கவே 90 கடல் மைல் போய்விடும்; ஏறவும் கிட்டத்தட்ட அவ்வளவு தேவை. 155-க்குள் இரண்டும் அடங்காது என்பதால் ஜெட்டும் தாழ்வாகவே பறக்கும். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வரம்பு வேறு. மிச்சமாவது சில நிமிடங்கள்தான்.

காற்றையும் மறக்கக் கூடாது. 40 நாட் எதிர்க்காற்று வீசினால் அந்த 34 நிமிடம் 40 ஆகும்; பின்காற்றாக வீசினால் 30. போகும்போது இழந்ததை வரும்போது முழுதாகத் திரும்பப் பெறவும் முடியாது, எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருக்கிறதே!

இணைப்புப் பயணம் திட்டமிடுபவர்கள் விமானத் தடமறியும் தளத்தில் அதே விமான எண்ணின் கடந்த ஒரு வாரத்து உண்மையான வருகை நேரங்களைப் பாருங்கள். அதில் மிகத் தாமதமாக வந்த நாளை வைத்து அடுத்த பயணத்தை முடிவு செய்யுங்கள்.