650-இல் ஒரு சின்ன மேடு

ஒளியைப் பற்றி ஆராய்கிறோம் என்றாலும் எங்கள் வேலை பெரும்பாலும் இருட்டில்தான். காலையில் வாங்கிய பாலக்கீரையைக் காம்பும் நடுநரம்பும் நீக்கி, ஜில்லென்ற கரைசலில் போட்டு மிக்ஸியில் அடித்து, மஸ்லின் துணியில் வடிகட்டும் வரை சமையலறை வேலை மாதிரி இருக்கும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, மங்கலான பச்சை விளக்கை மட்டும் போட்டுக்கொள்வோம். பச்சையம் பச்சை ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும்.

இலையில் ஒளியைப் பிடித்துத் தரும் எல்ஹெச்சி-2 என்ற புரதத்தைத்தான் பிரித்தெடுப்பேன். அதற்குள் 14 பச்சைய மூலக்கூறுகள்: ஏ வகை 8, பி வகை 6. பி-க்கு ஒளி கிடைத்தால் தானே வைத்துக்கொள்ளாது. சில பிக்கோ நொடிகளில் பக்கத்து ஏ-விடம் தள்ளிவிடும். ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றுதான் பிக்கோ நொடி. அருகருகே இருப்பதால்தான் இந்தக் கைமாற்றம் நடக்கிறது. பிரிந்தால் போச்சு.

முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் என் அளவீடுகளில் ஒரு விஷயம் தென்பட்டது. பி-யை மட்டும் தூண்டுவதற்காக 475 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினால், திரும்பி வரும் ஒளிர்வு 680 பக்கம், அதாவது ஏ-விடமிருந்து வரவேண்டும். எனக்கு 650 பக்கத்திலும் ஒரு சின்ன மேடு வந்தது. மறுபடி செய்தாலும் வந்தது. புதிதாக ஏதோ கண்டுவிட்டேன் என்று நம்பி, மூன்று மாதம் அதன் பின்னாலேயே போனேன்.

கொஞ்சம் நிதானித்திருக்கலாம். நான் இந்தத் துறைக்கு வந்ததே, பசும் கந்தக பாக்டீரியாவின் புரதம் ஒன்றில் நீடித்த குவாண்டம் அலைவுகளைக் கண்டதாக 2007-இல் வந்த ஆய்வைப் படித்துத்தான். அந்த அலைவுகள் பெரும்பாலும் மூலக்கூறுகளின் அதிர்வுதான் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அதையும் படித்திருந்தேன்.

என் ஆய்வு வழிகாட்டியான மேடம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "டிடர்ஜென்ட் எவ்வளவு போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். இலையின் சவ்விலிருந்து புரதத்தைக் கழற்றி எடுக்கப் போடும் சோப்பு மாதிரியான பொருள் அது. நோட்டைப் புரட்டினோம். பச்சையத்தின் அளவைக் கணக்கிடும்போது, மாதிரியை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தேனோ அந்த எண்ணால் ஒருமுறை பெருக்குவதற்குப் பதில் இரண்டுமுறை பெருக்கியிருந்தேன். இருந்த பச்சையத்துக்கு டிடர்ஜென்ட் பல மடங்கு அதிகம். புரதம் குலைந்து, பி மூலக்கூறுகள் கழன்று தனியே மிதந்திருக்கின்றன. 650-இல் நான் பார்த்தது அவற்றின் ஒளிர்வைத்தான்.

திட்டுவார் என்று நினைத்தேன். "சரி, அந்த அசிட்டோன் குப்பியைக் கொண்டு வாங்க" என்றார். ஒரு பாலக் இலையையும் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டினார். குப்பிக்குள் அசிட்டோனில் கரைந்திருந்த பச்சை இலைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. இலையோ இருண்டே கிடந்தது. உறிஞ்சிய ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் இலை ஒளிர்வாக வெளியே விடும். சாற்றில் இருக்கும் ஏ வகைப் பச்சையம் முப்பது பங்கு வரை விட்டுவிடும், வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால். இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம்தான். அந்தச் சிவப்பை நேரில் பார்த்த பிறகுதான் என் மேடு எனக்குப் புரிந்தது.

மறுநாள் மறுபடி கீரை வாங்கினேன். கலவையை அடுக்கடுக்காகப் பிரிப்பதற்காக மையவிலக்கியில் இரவு முழுக்கச் சுழன்ற சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசல் குழாயை விடிந்ததும் எடுத்தபோது, உச்சியில் தனி நிறமிகளின் மஞ்சள் கோடு இந்த முறை இழை போலத்தான் இருந்தது. அதற்குக் கீழே, மூன்று மூன்றாகச் சேர்ந்த புரதத்தின் பட்டை அடர் பச்சையில் தடித்து நின்றது. ஊசியால் மெதுவாக உறிஞ்சி எடுத்து, 475-இல் தூண்டினேன். 680-இல் ஒரே முகடு. 650-இல் ஒன்றும் இல்லை.