அர்ஜுன் டேங்க் 1/35: ஒருவழியா வீலு குமிழ் இல்லாம வந்துச்சு

மக்களே, நான் பண்ணிட்டிருக்குற அர்ஜுன் டேங்க் மாடலுக்கு (நெஜ சைஸ்ல 35-ல ஒரு பங்கு) வீலு வந்துருச்சு! ஒரு காத்துக் குமிழ் கூட இல்ல. ரெசின் (மோல்டுல, அதாவது அச்சுல, ஊத்துனா பிளாஸ்டிக் மாதிரி இறுகுற திரவம்) ஊத்துறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும், மத்தவங்க சிரிச்சுட்டு போங்க.

அர்ஜுனுக்கு பக்கத்துக்கு 7 ரோடு வீலு (ட்ராக்ங்கற சங்கிலிப் பட்டை மேல ஓடுற வீலு), ஒவ்வொண்ணும் ஜோடி, ரெண்டு பக்கமும் சேத்து 28 தட்டு ஒரே அச்சா வரணும். டி-72 டேங்க் பண்றவங்க பக்கத்துக்கு 6-ஓட தப்பிச்சுக்குறாங்க. ஹல்லும் (டேங்கோட உடம்பு) டரட்டும் (மேல சுத்துற பீரங்கிக் கூண்டு) சன்போர்டுல (லேசான ஃபோம் பலகை) சட்டுனு முடிஞ்சுது, அர்ஜுன் டரட் தட்டை தட்டையாதான இருக்கு, உயிர வாங்குனது இந்த வீலுதான். பியு (பாலியூரித்தேன்) ரெசின் ஊத்துனா போல்ட் தலை வர்ற குழியில கரெக்டா காத்து போய் ஒக்காந்துக்கும்.

இப்ப பண்றது இதான்: மோல்டுக்குள்ள மூஞ்சிக்குப் போடுற பவுடர பிரஷ்ல தூவி, மிச்சத்த ஊதி விட்டுட்டு, பல்குச்சியால அந்தக் குழியில மட்டும் மொதல்ல ரெசின் தொட்டு வெச்சுட்டு, அப்புறம் சிரிஞ்ச்ல ஒரே ஓரத்துல இருந்து மெல்லிசா விடணும், அவசரப்பட்டா போச்சு. அதுவும் விடியக்காலையிலதான். கிருஷ்ணகிரி வெயில்ல மத்தியானம் கலக்குனா கப்புலயே இறுகிடுது, காத்து மேல ஏற எங்க டைம்? ஃபிரிட்ஜ்ல வெக்கலாமேன்னு கேக்காதீங்க, வெளிய எடுத்ததும் பாட்டில் வேர்த்து ஈரம் உள்ள போச்சுன்னா பியு நுரைச்சு இட்லியா உப்பிடும். கலக்க நகை எடை போடுற சின்ன தராசு வாங்கிக்கோங்க, கண்ணளவு வேணாம்.

ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வாங்குன ரெசின் பாதி கெட்டியாதான் வந்துச்சு, கேட்டா பதிலே இல்ல. நேர்ல பாத்து வாங்குறதே மேல்.

பேரலுக்கு (பீரங்கிக் குழாய்) நெஜ அளவு 120 எம்எம்ம 35ஆல வகுத்தா ஓட்டை மூன்றரை எம்எம் கிட்ட வருது, அலுமினிய டியூப் தேடிட்டிருக்கேன். நெஜத்துல உள்ள ரைஃப்ளிங் (குண்டு சுழல்றதுக்கான சுருள் வரி) இருக்கு, டி-72, டி-90 125 எம்எம் மாதிரி வழவழன்னு கெடையாது, ஆனா இந்த சைஸ்ல அத யாரு எட்டிப் பாக்கப்போறா.

டேங்க நிக்க வெக்கிற பேஸுக்கு ராஜஸ்தான் மணல் மாதிரி வேணும், நம்ம செம்மண்ணு செட் ஆகாது. கிரானைட் பட்டறையில சும்மா கெடக்குற பவுடர்ல கொஞ்சம் மஞ்சள் பெயிண்ட் கலந்து பாக்கணும். இதுக்கு நடுவுல விஜயந்தா ஆசை வேற வந்துருச்சு, 1965ல ஆவடியில மொதல்ல வந்த டேங்க், 105 எம்எம் பீரங்கி, பக்கத்துக்கு 6 வீலுதான். சன்போர்டு கூட வெட்டி வெச்சாச்சு, வீட்ல திட்டு விழுது.

அர்ஜுனுக்கு ட்ராக் இன்னும் பாக்கி. மேல் பாதிய ஸ்கர்ட் (பக்கவாட்டுத் தட்டு) மறைச்சிடும், கீழ தெரியிற லிங்க் மட்டும் ஊத்துனா போதும். மோல்டு எடுக்குற சிலிகோன் ரப்பர்தான் தீந்துபோச்சு, ஓசூர்ல அரை கிலோ பாக்கெட் எங்கயாச்சும் கெடைக்குமா?